அறுபத்தொரு வாக்கு

பதினெட்டாம் மாடியில்
இரவு பத்தரைக்கு என் வாளி உருளத் தொடங்கும்.
வெளியே போர்ட்டேஜ் அவெனியூவில் மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
கையுறைக்குள் வியர்க்கிறது எனக்கு.
சட்டையில் குத்திய அட்டையில் பெயர் 'தாவா'.
தவமலர் நீளமாம்,
இயந்திரத்தில் அடங்கவில்லையாம்.

இந்த வங்கியில் எனக்கு
அறுபத்தொரு பங்கு இருக்கிறது.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
சொன்னால் சிரிப்பார்கள்,
சிரித்து முடிந்ததும் கைமாற்றுக் கேட்பார்கள்.

முன்பு சீட்டுத்தான் கட்டினேன், மாதம் நானூறு.
யார் எடுத்தது, கழிவு எவ்வளவு,
எல்லாம் குகனேசன் அண்ணரின் நீலக் கொப்பியில்.
என் முறை வந்த மாதம் அண்ணர் வன்கூவரில் என்றார்கள்.
பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள்.
பதினோராயிரம் டொலர்.
அதைவிட அந்தக் கொப்பி போனதுதான் எரிந்தது,
இழந்ததற்குக் கணக்குக்கூட என்னிடம் இல்லையே என்று.

மரிசெல் மணிலாக்காரி. பதினேழாம் மாடி அவளுடையது.
என் புட்டும் அவள் மீனும்
மைக்ரோவேவில் முறைவைத்துச் சுற்றும் நேரம்
தொலைபேசியைத் திறந்து கோடுகள் காட்டினாள்.
ஏறின, இறங்கின.
எதை வாங்குவது என்று கேட்டேன்.
'துடைக்கிறாயே, அதை வாங்கு.'

முதல் பங்கு எழுபத்தொரு டொலர்.
அந்த மாதம் ஆரூரனுக்குப் பனிச் சப்பாத்து வாங்கவில்லை.
ஓட்டைச் சப்பாத்துக்குள் பாண் சுற்றி வந்த பையைப் போட்டு
பள்ளிக்கூடம் அனுப்பினேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மூன்று மாதத்தில் லாபப் பங்கு வந்தது:
எண்பத்தெட்டுச் சதம்.
பேருந்துக்கும் காணாது.
ஆனாலும் நான் நித்திரையாய் இருந்தபோது வந்த காசு.
அன்றிரவு மின்தூக்கி வாசலில்
ஒரு சதுரக் கல்லை மட்டும் இரண்டு தரம் துடைத்தேன்.

நோய் வந்த ஆண்டு எல்லாம் சரிந்தது.
நாற்பத்தொன்பது. விற்றுவிடத்தான் ஓடினேன்.
கடவுச்சொல் மறந்துவிட்டது.
மூன்று தரம் பிழைத்துப் பூட்டிக்கொண்டது.
உதவி எண்ணில் இரண்டு மணிநேரம் பியானோ கேட்டு
அப்படியே தூங்கிப்போனேன்.
பூட்டுத் திறந்த நாளில் ஐம்பத்தெட்டு.
மரிசெல் என்னை நெஞ்சுரம் உள்ளவள் என்கிறாள்.
நான் திருத்தவில்லை.

போன தையில் மேற்பார்வையாளர் றொடெல்
தரையைப் பார்த்தபடி சொன்னான்:
'செலவுச் சிக்கனம். வெள்ளி இரவு இனி இல்லை.'
அதே கிழமை தொலைபேசி மினுங்கியது:
வங்கிக்கு லாபம் கூடியிருக்கிறது,
பங்குக்கு இரண்டு சதம் அதிகம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெருக்கினேன்.
அறுபத்தொன்றை இரண்டு சதத்தால்.
ஒரு டொலர் இருபத்திரண்டு, மூன்று மாதத்துக்கு.
வெள்ளி இரவு தொண்ணூற்றாறு, ஒவ்வொரு கிழமையும்.
முதலாளி தவமலர்
கூலிக்காரி தவமலரின் ஓர் இரவை வெட்டி
இவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறாள்.
யாரோடு சண்டை போடுவது?

மாசியில் தடித்த உறை ஒன்று வந்தது,
பங்குதாரர் திருமதி தவமலர் சின்னராசாவுக்கு.
பெயர் முழுதாய் அடங்கியிருந்தது.
உள்ளே ஒரு கேள்வி:
உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கு நீங்கள் ஆதரவா, எதிரா?

ஒருவர் பெயரை எனக்குத் தெரியும்.
அவருடைய குப்பைக்கூடையில்
எப்போதும் பாதி தின்ற அப்பிள்.

இடைவேளை அறையில் வைத்துப் புள்ளடி போட்டேன்.
ஈரக்கையில் பேனை முதலில் எழுதவில்லை.
எதிர். அறுபத்தொரு வாக்கு.
எத்தனை கோடிக்குள் அறுபத்தொன்று என்று
எனக்கும் தெரியும்.
உதறி, இரண்டாம் தரம் அழுத்திப் போட்டேன்.

சம்பளம் வந்தது, மெலிந்து.
முதலில் ஆரூரனுக்குச் சப்பாத்து, அளவு பதினொன்று.
அறுபத்திரண்டாவது பங்குக்கு
இன்னும் எட்டு டொலர் காணாது.